நாற்பத்தோரு அங்குலம்

செவ்வாய்க்கிழமை மதியம், மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்து, வார்னிஷ் சொட்டி உறைந்த துளிகளைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் டெல்லா அந்தக் கோட்டைப் பார்த்தாள். விரல் நீளத்துக்கு ஒரு பென்சில் கோடு. பக்கத்தில் அன்றைய தேதி. அதற்கும் பக்கத்தில், சாய்வான பழங்காலக் கையெழுத்தில் ஒரு பெயர்: ஜூனி.

ஜூனி அவளுடைய மகள். ஐந்து வயது. கணவன் கிளேதான் பாசம் பொங்கி எழுதிவிட்டுப் போயிருக்கிறான் என்று முதலில் சிரித்துக்கொண்டாள். ஆனால் கிளே எழுதினால் கோழி கிளறியதுபோல் இருக்கும். இந்த எழுத்தோ குண்டு குண்டாக, நிதானமாக, பக்கத்திலிருந்த மற்ற பெயர்களை எழுதிய அதே கையால் எழுதியது போலிருந்தது. அந்தப் பெயர்களுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது.

மேஜையின் நடுப்பலகை விர்ஜில் கிழவருடைய பழைய வீட்டிலிருந்து வந்தது. போன வருஷம் நன்றித் திருநாளான தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வந்த மாமியார் ஆர்லீன், எல்லோரும் சோபாவில் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு, "ஏன்டி, நாய்க்குக்கூட தனியா ஒரு இடம் வச்சிருப்பாங்க, உங்க வீட்டுல மனுஷங்களுக்கு இல்லையா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது டெல்லாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. எட்டுப் பேர் உட்காரும் பண்ணை வீட்டு மேஜைக்குக் கடையில் சொன்ன விலையோ கிளேயின் ஒரு மாதச் சம்பளம். குவாரியில் கல் உடைத்துச் சம்பாதிக்கிற காசை மேஜையில் போட முடியுமா? அவளே செய்துவிடுவதென்று முடிவெடுத்தாள். மலையடிவாரத்தில் விர்ஜில் தன் வீட்டை இடித்துக்கொண்டிருந்தார். ஆணிகளை நீங்களே பிடுங்கிக்கொண்டால் பலகை இலவசம் என்று வேலியில் எழுதி மாட்டியிருந்தார்.

சமையலறை வாசலோரம் நின்ற அந்த அகலப் பலகையைப் பார்த்ததும் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. குழந்தைகளை நிற்கவைத்து உயரம் குறித்த பலகை. ரூத், ஹோமர், விர்ஜில், லெஸ்டர் என்று வருஷா வருஷம் கோடுகள். லெஸ்டருக்கு மட்டும் யாரோ தேதிகளைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள், மேல் கோட்டில் முதல் தேதி, கீழ்க் கோட்டில் கடைசித் தேதி. பலகையின் ஓரத்தில் பெயரே இல்லாத கோடுகளும் ஒரு சாண் உயரத்தில் தொடங்கி, எல்லாப் பிள்ளைகளையும் தாண்டி, கூரை தொடும் இடம்வரை ஏறிக்கொண்டே போயின.

"இது வேணாம் கண்ணு. அடுப்புக்குன்னு வச்சிருக்கேன்" என்றார் விர்ஜில்.

"இந்த அகலத்துல எங்க கிடைக்கும் விர்ஜில்? எழுத்து இருக்கிற பக்கத்தை அடியில வச்சுக்கறேன். அழிக்க மாட்டேன்."

கிழவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "அப்போ ஒண்ணு கேளு. ரெண்டு முனையிலயும் குறுக்குக் கட்டை வைப்ப இல்ல? அதைப் பசை போட்டு ஒட்டாத. காடிப் பள்ளத்துல சும்மா சொருகி வை. மரம் அசையணும். வேண்டாம்னு தோணுச்சுன்னா உருவி எடுத்துடலாம்."

டெல்லா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து பார்த்தால், சொருகி வைத்த கட்டை ஆடியது, இடுக்கு தெரிந்தது. ஆர்லீன் கண்ணில் அதுதான் முதலில் படும். ஒரு முழு பாட்டில் பசையை ஊற்றி, பன்னிரண்டு திருகாணி போட்டு இறுக்கிவிட்டாள்.

இப்போது அவள் டேப்பை எடுத்து, பலகை முன்பு தரையைத் தொட்டு நின்ற முனையிலிருந்து ஜூனியின் கோடுவரை அளந்தாள். நாற்பத்தோரு அங்குலம். குழந்தையைக் கூப்பிட்டு குளிர்சாதனப் பெட்டியை ஒட்டி நிற்கவைத்து அளந்தாள். நாற்பத்தோரு அங்குலம்.

"யாருடா உன்னை அளந்தது? அப்பாவா?"

"இல்ல. மேஜைக்கு அடியில படுத்தா அதுவே அளக்கும்மா."

"அதுன்னா எது?"

ஜூனி பிஸ்கட்டை மென்றபடி யோசித்தாள். "அதுக்கு யாரும் பேரே வைக்கலம்மா. அதான் நான் என் பேரைச் சொன்னேன்."

அன்று சாயங்காலம் முழுக்க மேஜை சத்தம் போட்டது. கணப்பின் சூட்டில் உலர்கிற மரம் நெட்டி முறிப்பது டெல்லாவுக்குத் தெரிந்த சத்தம்தான், ஆனால் இது நின்று நின்று, பக்கத்து அறையில் யாராவது பேச்சை நிறுத்துகிறார்களா என்று காத்திருந்து, அப்புறம் டக்கென்று ஒன்று வைத்தது. அதோடு வார்னிஷ் வாசனைக்கு அடியிலிருந்து புளித்த பால் வாசனை ஒன்று மெல்லக் கிளம்பி, துடைக்கத் துடைக்கத் திரும்பி வந்தது. கிளே வேலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றியபடி, "மரம்னா அசையத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான்.

புதன் காலை ஜூனிக்குப் பள்ளி விடுமுறை. சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுவிட்டபோது கை நுனிகள் தெரியவில்லை. போன வாரம் மணிக்கட்டோடு நின்ற ஸ்வெட்டர். டெல்லா மேஜைக்கு அடியில் போனாள்.

பழைய கோட்டுக்குக் கீழே புதுக் கோடு. புதன்கிழமைத் தேதி. முப்பத்தொன்பது அங்குலம்.

குழந்தையை அளந்தாள். முப்பத்தொன்பது. மறுபடி அளந்தாள். மூன்றாவது முறையும் அளந்தாள்.

அப்போதுதான் அவள் பலகையின் மறுமுனையைப் பார்த்தாள். ஒட்டி, திருகாணி போட்டு இறுக்கிய குறுக்குக் கட்டை இரண்டு அங்குலம் வெளியே தள்ளப்பட்டிருந்தது. பசை நூல் நூலாகப் பிரிந்து, திருகாணிகள் கோணிக்கொண்டு நின்றன. நடுப்பலகை மட்டும் நீண்டிருந்தது. மரம் அகலத்தில் உப்பும், சுருங்கும். நீளத்தில் வளராது. மேஜை செய்கிற எவருக்கும் தெரிந்த விஷயம் அது.

உப்புத்தாளை எடுத்துக்கொண்டு அடியில் புகுந்து, ஜூனியின் பெயரை வெறிபிடித்தவள்போலத் தேய்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது இழுப்பில் கூடத்திலிருந்து குழந்தை வீறிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். ஜூனியின் உச்சந்தலையில் காசளவுக்கு முடி இல்லை. தோல் உரிந்து சிவந்திருந்தது. அந்தக் காயத்தில் புதிதாக இழைத்த மரத்தூளின் வாசனை.

அறுக்க முடியாது. எரிக்க முடியாது. பலகையை முழுசாக உருவி எடுக்கலாமென்றால், ஒட்டியவளும் அவளேதான். கட்டையை உடைத்தால் பலகை பிளக்கும். பலகை பிளந்தால் எது பிளக்கும்? அந்தக் கேள்வியோடு அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மருத்துவமனை நர்ஸ் போனில் இதமாகவே பேசினாள்: "குழந்தைங்க கூனி நிப்பாங்கம்மா. திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க." கிளே குவாரியிலிருந்து, "டேப்பைச் சரியாப் பிடிச்சியா? எங்கம்மா வர்றாங்கன்னா உனக்கு வருஷா வருஷம் இப்படி ஏதாவது வந்துடுது" என்றான். கடைசியில் விர்ஜிலைக் கூப்பிட்டாள்.

"விர்ஜில், அந்தப் பலகையில லெஸ்டர்னு ஒரு பேரு..."

கிழவர் குறுக்கிட்டார்.

"கட்டையை ஒட்டிட்டியா?" என்றார்.

"ஒட்டிட்டேன்."

"லெஸ்டர் என் தம்பி" என்றார் கிழவர். பிறகு, "எங்கம்மா அவனைக் கடைசிவரைக்கும் மடியில வச்சிருந்தா" என்றார். போன் வைக்கப்பட்டது.

குழந்தையைக் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு நெடுஞ்சாலைவரை ஓட்டினாள். நாற்பது மைல் தாண்டி, பெட்ரோல் பங்க் சுவரில் நிற்கவைத்து அளந்தாள். முப்பத்தேழு. ஷூ ஒன்று காரிலேயே கழன்று கிடந்தது. தூரத்தால் ஆகிற காரியமில்லை என்று புரிந்தது. திரும்பினாள்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு, இந்த வருஷ விருந்துக்கு, ஆர்லீன் பூசணிக்காய்ப் பலகாரத் தட்டோடு வந்து இறங்கினாள். கொழுந்தனும் அவன் மனைவியும் பின்னால் வந்தார்கள். ஆர்லீன் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பலகையை உள்ளங்கையால் தடவினாள். "பரவாயில்லையே. இப்பத்தான் இது வீடு மாதிரி இருக்கு." அப்புறம் ஜூனியைப் பார்த்தாள். "பிள்ளைக்கு ஒழுங்கா சோறு போடறியா இல்லையா? போன தடவையைவிட சின்னதா தெரியறா."

"அத்தை, இவளைப் பாருங்க. நல்லாப் பாருங்க. இவ தேஞ்சுக்கிட்டே வர்றா" என்றாள் டெல்லா.

"அம்மா முன்னாடி ஆரம்பிக்காத" என்றான் கிளே, பல்லுக்கிடையில்.

நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு ஜூனியை மேஜையின் கடைசியில், பலகை நீண்ட முனையை ஒட்டி உட்காரவைத்தார்கள். மீதி இடத்தில் பாத்திரங்கள் அடைத்திருந்தன. வான்கோழி ஆவி விட்டது. அதற்கும் மேலே புளித்த பால் வாசனை.

"கையைக் கோத்துக்குங்க" என்றாள் ஆர்லீன்.

எல்லோரும் கை கோத்துக்கொண்டு கண்ணை மூடினார்கள். இந்த வீட்டில் ஆமென் சொல்லும்வரை யாரும் கையை விடுவதில்லை. ஆர்லீன் ஜெபம் செய்தால் குழம்பு ஆறிவிடும் என்பது குடும்பத்தில் பழைய கேலி. டெல்லாவின் வலது கை கிளேயின் பிடியில். இடது கையில் ஜூனியின் விரல்கள். ஜூனி தன் மறு கையை, யாருமில்லாத மேஜை முனைப்பக்கம், பழகியவள்போல நீட்டினாள்.

"ஆண்டவரே, இந்த உணவுக்காக உமக்கு நன்றி."

டக்.

"இந்தக் கூரைக்காக. இந்தக் குடும்பத்துக்காக."

டக். டக்.

டெல்லாவின் உள்ளங்கைக்குள் ஏதோ தளர்ந்தது. இறுக்கிப் பிடித்தாள். பிடிக்க இடமில்லாமல் போயிற்று. ஐந்து விரல்களைப் பிடித்திருந்தவள் இப்போது ஒரு முஷ்டியைப் பிடித்திருந்தாள். அப்புறம் ஒரு வாதுமைக்கொட்டை அளவு.

கையை இழுக்கப் பார்த்தாள். கிளே விடவில்லை. "ஷ்" என்றான்.

கண்ணைத் திறந்தாள்.

மேஜை முனைக் கட்டை சுவரைத் தொட்டிருந்தது. சுவரின் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. நாற்காலியில் தலையணை மேல் சிவப்பு ஸ்வெட்டர் தானாக உட்கார்ந்திருந்தது. கழுத்து வழியே தலை தெரியவில்லை. இந்தப் பக்கம் ஒரு கை வெளியே. டெல்லாவின் கட்டைவிரலைச் சுற்றி, பிறந்த அன்று பற்றிக்கொண்டதைப்போலவே, நெல்மணி நகங்கள் வைத்த ஐந்து விரல்கள். சூடாக. இன்னும் சூடாக.

மறு கை, மேஜை முனையில், வேறொன்றின் கைக்குள் இருந்தது.

யாரும் கண்ணைத் திறக்கவில்லை.

"இந்த வீட்டில் வளர்கிற எல்லாவற்றுக்காகவும் நன்றி, ஆண்டவரே" என்றாள் ஆர்லீன். ஆமென் சொல்லவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்த நன்றிக்குப் போனாள்.