எட்டுச்செலவில் வைக்காதது

தண்ணீரூற்றுக் கிராமத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க அருந்ததிக்குக் கஷ்டம் இருக்கவில்லை. சந்திக் கடைக்காரரிடம் தவமலர் மாமியின் பெயரைச் சொன்னதுமே, "பாங்கொக்கிலை ஒப்பரேசன் செய்து செத்த பிள்ளையின்ரை தாயோ?" என்று கேட்டுக் கையைக் காட்டிவிட்டார். படலையைத் திறந்து சைக்கிளை உள்ளே தள்ளும்போது உச்சி வெயில். முற்றத்து மாமரத்தில் ஒரு காகம்கூட இல்லை.

ஹாண்டிலில் தொங்கிய பையில் பனங்காய்ப் பணியாரம் இருந்தது. வெறுங்கையோடு போகாதே என்று அம்மா காலையிலேயே சுட்டுக் கொடுத்திருந்தாள். அந்தப் பொருளாதாரத் தடைக் காலத்தில் அவ்வளவு எண்ணெய் சேர்ப்பதென்றால் லேசுப்பட்ட காரியமில்லை.

அருந்ததி பூசின உடம்புக்காரி. இருபத்தெட்டு வருடமாக ஊரில் யாருக்கும் அது குறையாகப் படவில்லை. ரொறன்ரோவில் இருக்கிற மாப்பிள்ளைக்குத்தான் பட்டது. "பிள்ளை நல்ல வடிவு, கொஞ்சம் மெலிஞ்சால் இன்னும் நல்லது" என்றாராம். உடனே அங்கே இருந்த அண்ணன் கோகுலன் வழி கண்டுபிடித்துவிட்டான். கல்யாணம் சிங்கப்பூரில். அதற்கு முதல் பாங்கொக்கில் இறங்கி, வயிற்றில் சின்ன ஓட்டை போட்டு, குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிடலாம். கனடாவில் கேட்கிற காசில் கால்வாசிதான். பல்லுப் பிடுங்குகிற மாதிரித்தான் என்று எழுதியிருந்தான். சின்ன வயதில் ஒரு பல்லுப் பிடுங்க மூன்று பேர் அமத்திப் பிடிக்க வேண்டியிருந்த ஆள் அவன்.

சிரித்துவிட்டு விடக்கூடிய விஷயமாக அது இருக்கவில்லை. ஏற்கனவே இரண்டு சம்பந்தம் தட்டிப் போயிருந்தது. வானத்தில் கிபிர் விமானம் இரைந்தால் பங்கர்க் குழிக்குள் ஓடுகிற வாழ்க்கை. இதுவும் போனால் இனி ஒன்று வருமா? போனால் அந்த மேசையிலிருந்து உயிரோடு எழும்புவாளா? இரண்டு பயத்தில் எது பெரியது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வன்னியை விட்டு வெளிக்கிடப் பாஸும் கிடைத்துவிட்டது. அடுத்த கிழமை பயணம். கால் ஓரிடத்தில் தரிக்காமல், தூரத்து உறவான இந்த மாமியிடமே கேட்டுவிடுவோம் என்று புறப்பட்டு வந்துவிட்டாள்.

தவமலர் மாமி அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். பார்த்த கையோடு கண் கலங்கிவிட்டது.

"என்ரை வினோஜாவும் உன்னைமாதிரித்தான் பிள்ளை இருந்தவள். இரு, தேத்தண்ணி போடுறன்."

வீட்டுக்குள் வெயிலுக்கு இதமாகக் குளிர் இருந்தது. ஆனால் அந்தக் குளிரோடு ஆஸ்பத்திரியில்போல டெற்றோல் மணமும் வந்தது. மூலையில் ஓர் அறை பூட்டாமல் சாத்தியிருந்தது. மணம் அங்கேயிருந்துதான் வந்தது.

அந்த அறைக்குள் யாரோ சாப்பாட்டுக் கோப்பையை விரலால் வழிக்கும் சத்தம் கேட்டது.

"ஆர் மாமி உள்ளுக்கை?"

"ஒருத்தருமில்லை. எலியாயிருக்கும்."

சொல்லும்போது மாமி அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.  கேட்க வந்ததை அருந்ததி சட்டென்று கேட்டுவிட்டாள்.

"மாமி, ஒளிக்காமல் சொல்லுங்கோ. அந்த ஒப்பரேசனோ அவவின்ரை உயிரை எடுத்தது?"

"ஒப்பரேசன் வடிவா முடிஞ்சதாம். மூண்டாம் நாள் கால் வீங்கி, நோகுதெண்டு அழுதவளாம். அங்கை அவளின்ரை பாஷை ஆருக்குத் தெரியும்? கூட்டிக்கொண்டு போன ஏஜென்ற், ஊசி நோ எண்டு நினைச்சு, ரிக்கெற் பழுதாப் போகுமெண்டு பிளேனிலை ஏத்திப்போட்டான். சிங்கப்பூரிலை இறக்கேக்கை மூச்சில்லை. அங்கையே எரிச்சுப் போட்டினம்."

மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது விதி எண்டு விட்டிடுவன் பிள்ளை. நான் செய்ததைத்தான் பொறுக்க ஏலாமல் கிடக்கு. எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு, செத்த ஆள் ஆசைப்பட்டுத் திண்டதெல்லாம் படைச்சுத்தானே கதவைச் சாத்திறது? நான் என்ன படைச்சன் தெரியுமோ? அவிச்ச பூசணிக்காயும் உப்பில்லாத கீரையும். கடைசி ஆறு மாசமும் அவள் அதைத்தானே திண்டவள். கஷ்டப்பட்டு மெலிஞ்ச பிள்ளை, எண்ணெய்ச் சாமான் வைச்சால் கோவிப்பாள் எண்டு நினைச்சிட்டன்."

 செத்த பிறகும் அந்தப் பெண்ணைப் பட்டினி போட்டிருக்கிறார்களே என்று அருந்ததிக்கு அழுகை வந்தது.

"கதவைத் திறக்கேக்கை ஒண்டும் தொடுபடேல்லை," என்றார் மாமி. "அந்த நாளிலையிருந்துதான் இந்தச் சத்தம்."

அருந்ததி பையிலிருந்து பணியாரப் பெட்டியை வெளியே எடுத்தாள். மாமி அதைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னுக்குப் போனார்.

"இதெண்டால் உயிர் அவளுக்கு. உன்ரை கையாலை வைச்சுவிடு பிள்ளை. எனக்கு அதுக்குள்ளை போகத் துணிவில்லை."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இரங்குகிற குணம் அவளை எங்கே சொல்ல விட்டது?

அறைக்குள் யன்னல் சாத்தியிருந்தது. மேசையில் ஒரு படம். குண்டுக் கன்னத்தோடு வினோஜா சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் வெறும் கோப்பை. அருந்ததி பணியாரத்தை எல்லாம் அதில் வைத்து, "சாப்பிடுங்கோ தங்கச்சி" என்றாள். வெளியே வந்து, முறைப்படி கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு மெல்லும் சத்தம் கேட்டது.

முதலில் மெதுவாக. அப்புறம் அவசரமாக, வாய்க்கு வாய் அடைத்துக்கொண்டு.

மாமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "திண்ணுறாள்... என்ரை பிள்ளை திண்ணுறாள்..."

சத்தம் நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம், மிகக் கிட்ட, ஒரு குரல்.

"அக்கா, உங்களிட்டை எவ்வளவு எடுக்கப் போகினம்?"

அருந்ததி கதவைத் தள்ளினாள். உள்ளே ஒருவருமில்லை. கோப்பையில் எண்ணெய்ப் பிசுக்குக்கூட இல்லாமல் நக்கித் துடைத்திருந்தது. மாமியிடம் சொல்லிக்கொள்ளாமலே அவள் வெளியே ஓடினாள். சைக்கிளில் ஏறி மிதித்தாள். படலை தாண்டியதும், கரியரில் யாரோ தாவி ஏறியதுபோலச் சைக்கிள் ஒருதரம் பின்னால் அமிழ்ந்தது. வீடு வரும்வரை பாரமாகவே உருண்டது.

வந்த சூட்டோடு அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

"அம்மா, நான் நேரை சிங்கப்பூர் போறன். பாங்கொக்கிலை இறங்கமாட்டன். அவருக்கு வேணுமெண்டால் என்னை இப்பிடியே கட்டட்டும். வேண்டாமெண்டால் விடட்டும். என்ரை உடம்பை ஒருத்தரும் கீற வேண்டாம்."

அம்மா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். எத்தனையோ நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கினாற்போல இருந்தது அருந்ததிக்கு. அன்று மாலை வயிறாரச் சாப்பிட்டாள். சாப்பிட்டு எழும்பியதும் மறுபடி பசித்தது. சந்தோஷப் பசி என்று நினைத்து இன்னொரு கோப்பை போட்டுச் சாப்பிட்டாள்.

விடிய எழும்பிப் பாவாடையைக் கட்டினால், இடுப்பில் நிற்கவில்லை.

அடுத்த நாள் வளையல் தானாகக் கழன்று விழுந்தது. கல்யாணக் கூறைச் சட்டையைத் தையல்காரி இரண்டு தரம் பிரித்துச் சின்னதாக்கினாள். அருந்ததி பானையோடு சாப்பிட்டாள். ஒரு கவளம் விழுங்கினால், அது வயிற்றுக்குள் போகுமுன் வேறு எங்கோ போனது. பசி மட்டும் அவளுக்கு மிஞ்சியது. தனியே இருக்கும்போது அவளுக்குள்ளே, தோலுக்குக் கீழே, யாரோ மெல்லுவது கேட்டது.

அம்மாவுக்கோ தலைகால் தெரியாத சந்தோஷம். "கத்தியுமில்லை, செலவுமில்லை. பார், எப்பிடி மெலிஞ்சிட்டாய்! மாப்பிள்ளை அசந்துபோவார்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். பார்க்க வந்தவர்களும் வடிவு வடிவு என்றார்கள். அருந்ததி வாயைத் திறந்து உண்மையைச் சொன்னபோது, பயணப் பதற்றம் என்று தலையைத் தடவினார்கள்.

பயணத்துக்கு முதல்நாள் மத்தியானம் அவளால் கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை. அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். கன்னம் ஒட்டி, தோள் எலும்பு துருத்தி, மடியில் கிடந்த தன் கைகளை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். டெற்றோல் மணத்தது. அவள் வலது கை, அவள் தூக்காமலே, மெல்ல உயர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத குளிர்ந்த விரல்கள், சந்தையில் கோழி பார்க்கிறவர்களைப்போல, புயத்துச் சதையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தன.

பிறகு காதோரம், ஆசையோடு:

"அக்கா, இதிலை இன்னும் கொஞ்சம் இருக்கு."