யார் தலையில் கிரீடம்?

ஹெட்விக்குக்கு ஒரே ஓர் ஆசைதான். டிசம்பர் பதிமூன்றாம் தேதி, ஒளித் திருநாளன்று, விடியாத இருட்டில், தலையில் மெழுகுவத்திக் கிரீடத்தோடு புனித லூசியாவாக வேடமிட்டு நடக்க வேண்டும். பின்னால் வகுப்பே பாடிக்கொண்டு வர வேண்டும்.

லூசியா யார் என்று சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். ஆண், பெண் எல்லோர் பெயரும் உண்டு. போன வருடம் யாரோ அடையாளத்துக்காகத் தன் சீட்டின் மூலையை மடித்து வைத்ததால் பெரிய ரகளையாகிவிட்டது.

"இந்தத் தடவை கம்ப்யூட்டர் எடுக்கட்டும். நான் புரோகிராம் எழுதித் தரேன்" என்றாள் ஹெட்விக். ஆசிரியை குனில்லாவும் சம்மதித்தார்.

இன்று எல்லோரும் திரையைச் சுற்றி முண்டியடித்தார்கள். முதலில் வரும் பெயருக்குத்தான் கிரீடம். ஹெட்விக் பொத்தானை அழுத்தினாள்.

முதல் பெயர்: ஹெட்விக்!

கைதட்டல் காதைப் பிளந்தது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்து, லூசியாவோடு கூட நடக்கும் தோழிகளின் பெயர்களும் வந்தன. சிக்னே. தீரா. எபா.

திடீரென்று ஹெட்விக்குக்கு நினைவு வந்தது. நேற்று வீட்டில் சோதித்தபோதும் இதே பெயர்கள், இதே வரிசை!

கம்ப்யூட்டருக்குக் கண்ணை மூடிக்கொண்டு எதையும் எடுக்கத் தெரியாது. ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால், அதைப் பெருக்கிக் கூட்டி அடுத்த எண்ணைக் கண்டுபிடித்து, அதற்குரிய பெயரை எடுக்கும். தொடக்கம் மாறாவிட்டால் முடிவும் மாறாது. பிழை பார்க்க வசதியாகத் தொடக்க எண்ணை ஏழு என்று போட்டு வைத்தவள், அதை எடுக்க மறந்துவிட்டாள்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. கிரீடம் அவளுக்குத்தான்.

"நில்லுங்க, இது செல்லாது" என்றாள். "தொடக்க எண்ணை மாத்த மறந்துட்டேன். எத்தனை தடவை அழுத்தினாலும் என் பேர்தான் வரும்."

"அடிப்பாவி! உனக்கு நீயே கிரீடம் வெச்சுக்கிட்டியா?" என்று கத்தினான் மெல்கர். அவன் வாய் சும்மா இருக்காது.

"தெரிஞ்சு செஞ்சிருந்தா இப்ப எதுக்குடா வாயைத் திறக்கப் போறேன்?"

மெல்கர் தலையைச் சொறிந்தான். "அதுவும் சரிதான். ஆனா நீ போடுற எண்ணை இனிமே எப்படி நம்புறது?"

"என் எண்ணே வேண்டாம். ஆளுக்கு ஒரு எண்ணை யாருக்கும் காட்டாம எழுதிக் குடுங்க. எல்லாத்தையும் கூட்டி அதையே தொடக்கமா வைப்போம். என்ன வரும்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது."

"அட, நல்ல யோசனையா இருக்கே!" என்ற குனில்லா, எல்லா எண்களையும் கரும்பலகையில் எழுதிக் கூட்டினார். ஹெட்விக் அந்தப் பெரிய எண்ணைப் போட்டாள். மறுபடியும் தன் பெயரே வரக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. அழுத்தினாள்.

மெல்கர்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. மெல்கரின் காது சிவந்துபோனது.

"ஐயோ, நானா? வேற எண் எழுதித் தரோம், இன்னொரு தடவை அழுத்து ஹெட்விக்!"

ஹெட்விக்குக்கு அழுகை வந்தது. புது எண் போட்டு அழுத்தினால் போதும், இன்னொரு வாய்ப்பு. ஆனாலும் அவள் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"மாட்டேன். இது நாம எல்லாரும் சேர்ந்து எடுத்த பேரு. நீதான் நல்லாப் பாடுவியே, அப்புறம் என்ன?"

சிரிப்பு அடங்கியது. மெல்கர் மெதுவாக நிமிர்ந்து நின்றான்.

"அந்தக் கிரீடம்... ரொம்ப கனமா இருக்குமா?" என்று கேட்டான்.

"எனக்கு எப்படித் தெரியும்?" ஹெட்விக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நீதான் போட்டுப் பாத்துட்டுச் சொல்லணும்!"