ஈரம் காயாத குண்டுகள்

செம்பு மூடிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தது.

ஆதிமூலம் அதை வேட்டி முனையால் துடைத்தான். மூடியை ஈயக் குண்டின் அடியில் வைத்து, கை பிரஸ்ஸின் பிடியை அழுத்தினான். இந்த மூடியைக் கேஸ் செக் என்பார்கள். ரைபிள் வெடிக்கையில் கிளம்பும் நெருப்புக் காற்று ஈயத்தின் அடியைத் தின்றுவிடாமல் காக்கும். மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் கவ்வி உட்கார வேண்டும். உட்கார்ந்தது. உட்கார்ந்த கையோடு விளிம்பைச் சுற்றித் தண்ணீர் கசிந்தது.

உருக்கி வார்த்த ஈயத்தில் தண்ணீர் ஏது? உருகும்போது ஒரு துளி விழுந்திருந்தாலே வெடித்து முகத்தில் அடித்திருக்கும்.

மழை மூட்டம் போட்ட சாயங்காலம். கொட்டகை ஜன்னலுக்கு வெளியே கல்வராயன் மலை பாதி மேகத்துக்குள் போயிருந்தது. மக்காச்சோளம் கதிர் முற்றுகிற நேரம்; காட்டுப் பன்றிகள் பாதிக் கொல்லையைப் புரட்டிவிட்டிருந்தன. இன்றைக்குச் சுடாவிட்டால் மிச்சமும் போய்விடும்.

ஈயம் சின்னப்பனுடையது. கோமுகி அணையில், விளிம்பு சுற்றி ஈயம் கோத்த வீச்சு வலை போடுகிறவன். முழுகிப்போன ஒருத்தனை அவன் வலையில்தான் இழுத்தார்கள். கரைக்கு வந்த பிணம் நழுவிப் போய் மறுபடி அகப்படவேயில்லை. அப்படிப்பட்ட வலையை வலைக்காரர்கள் ஈயத்தோடு தண்ணீரிலேயே விட்டுவிடுவார்களாம்.

“அது அவனுக்கு உள்ளதுங்க. தண்ணிக்கே குடுத்துடணும்,” என்றான் சின்னப்பன்.

“தண்ணி இன்னா, ரசீது குடுக்குமா? என் பையில போடு.”

பயந்தவனிடம் வாங்குவது போல மலிவு வேறில்லை. மடையன், சிலுவை போட்டுக்கொண்டே ஈயத்தை அவிழ்த்துக் கொடுத்தான்.

சமையலறையிலிருந்து ஜெயசுதா குரல் கொடுத்தாள். “இன்னாங்க, டேங்க் ரொம்பி வழியற சத்தம் கேக்குது. மோட்டார நிறுத்துனீங்களா?”

“மோட்டாரே போடல. காதுல பஞ்சு வச்சிக்கினு இருக்கியா?”

“வூடு பூரா பாசி நாத்தம் வேற. அந்த ஈயம் நமக்கு வாணாங்க, கொண்டுபோய் தண்ணியிலயே உட்டுடுங்க.”

“நாத்தமாம்! மீன் குழம்பு வைக்கும்போது மட்டும் மணக்குதோ உனுக்கு?”

சொல்லி முடிக்கும்போதே அவனுக்கும் அந்த வாடை ஏறியது. கலங்கிய சேறு, அழுகிய தாமரைத் தண்டு, அதற்கும் அடியில் தித்திப்பாக வேறு ஏதோ ஒன்று. எழுந்து போய்விடலாம் என்று உடம்பு சொன்னது. கட்டிய பெண்டாட்டிக்கு முன்னால், ஒரு வலைக்காரனின் புளுகுக்குப் பயந்து எழுவதா? இன்னொரு குண்டை எடுத்தான். அழுத்தினான். செம்புக்கும் ஈயத்துக்கும் நடுவிலிருந்து ‘குளக்’கென்று ஒரு குமிழி கிளம்பி உடைந்தது.

யாரோ அடக்கி வைத்திருந்த மூச்சு.

அடுத்த குண்டுக்குக் கை நீட்டினான். தட்டு காலி.

தரையில் இருந்தன. எல்லாம். நாற்காலியைச் சுற்றி வட்டமாக, செம்பு அடி கீழே, மூக்கு மேலே. அவன் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே வட்டம் ஒரு விரற்கடை சுருங்கியது. சிமெண்டில் ஈயம் உரசும் சத்தம்.

உதைத்துத் தள்ளக் காலைத் தூக்கினான். கால் வரவில்லை.

மறுபடி உரசல். ஒரு விரற்கடை.

காது அடைத்தது. “ஜெயா” என்று கத்தினான். வாயிலிருந்து குமிழிகள்தான் போயின. மேலே போயின.

“மோட்டார நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!” அவள் குரல் எங்கோ கரையிலிருந்து வந்தது.

ஈயம் கணுக்காலைத் தொட்டது. சில்லென்று. குண்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ஏதோ ஒன்று, கண்ணுக்குத் தெரியாத இழை இழையாக, தோளில், நெற்றியில், இமையில் பதிந்து இறுகியது.

அண்ணாந்து பார்த்தான்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை இல்லை. அங்கே வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. அதைக் கிழித்துக்கொண்டு ஒரு கயிறு இறங்கியிருந்தது. கயிற்றின் மேல்முனையில் ஊறி வெளுத்து உப்பிய இரண்டு கைகள், ஒன்று மாற்றி ஒன்றாக, அவசரமே இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தன.