பொதுமுகம்

முகம் மாட்டும் வரிசையில் வெயினி பதினோராவதாக நின்றாள். முறை வந்ததும் வழக்கம்போல நெற்றியை நீட்டினாள். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மெல்லிய தோல் தானாகப் படர்ந்து காதோரம் ஒட்டிக்கொண்டது. தொண்டையில் பொட்டளவு குரல்மாற்றி. இனி மாலை வரை அவள் வெயினி இல்லை, நாற்பத்தொன்று. செவ்வாய்க் குடியேற்றத்தின் காற்றுச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் இருநூறு பேருக்கும் அதே முகம், அதே குரல். மார்பில் எண் மட்டும் வேறு. அதிகாரிகளுக்கு அந்த எண்ணும் கிடையாது, நடுநிலையோடு இருக்க வேண்டுமாம்.

எல்லாம் பாகுபாடு ஒழிப்புச் சட்டத்தின் கைங்கரியம். யார் மேலடுக்கு, யார் கீழடுக்கு என்று தெரிந்தால்தானே ஒதுக்குவார்கள், அதைத் தெரியாமலே ஆக்கிவிட்டால் என்ன என்று ஒரு புத்திசாலிக்குத் தோன்றியது. சட்டம் நிறைவேறிய அன்று ஊர் முழுக்க இனிப்பு வழங்கினார்கள். பாகுபாடு ஒழிந்தது என்று அரசிதழிலும் போட்டார்கள். அரசிதழிலேயே வந்த பிறகு பேச்சு ஏது?

வெயினி கீழடுக்கு. தரைக்கு முந்நூறு அடி கீழே, மேலே இருப்பவர்கள் மூச்சுவிட்டு மிச்சமான காற்று வந்து சேரும் இடம். அங்கே எந்தக் கதவையும் திறக்கும் முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை தட்டுவார்கள். அந்தப் பக்கம் காற்று இருக்கிறதா இல்லையா என்பது ஓசையிலேயே தெரிந்துவிடும். நடை பழகும் பிள்ளைக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், கை பழக்கத்தில் சரக்கறைக் கதவைத் தட்டிவிட்டாள். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அன்றிலிருந்து உணவுக்கூடத்தில் அவள் மேசைக்கு ஒருவரும் வருவதில்லை. காற்றை வடிகட்டும் பிரிவில் தலைமை வடிப்பாளர் பதவி நான்கு முறை காலியானது. நான்கு முறையும் அவளிடம் வேலை கற்றவர்களுக்கே போனது. பதவி ஆசை என்று அவளுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தப் பதவிக்கு மேலடுக்கில் வீடு தருவார்கள். மகள் பிறைக்கு ஆறு வயது, படுத்தால் இரைப்பு. நல்ல காற்று கிடைத்தால் சரியாகிவிடும் என்றார் மருத்துவர், ஏதோ கடையில் வாங்கி வரச் சொல்வதுபோல. இந்த வருஷம் தாண்டினால் நுரையீரல் தாங்காது என்றும் சொன்னார்.

வெயினி சட்டத்துணை இயந்திரத்திடம் போனாள்.

"உங்களுக்கு மூணு வழி இருக்கும்மா," என்றது அது, கனிவாக. "உங்க சலவைக்கூடத்துலயே புகார் விசாரிக்க ஒரு குழு இருக்கு. அவங்க ஒத்துக்கலைன்னா தீர்ப்பாயம். ஆனா தீர்ப்பாயத்துக்குப் போக அந்தக் குழுவோட அனுமதி வேணும்."

"மூணாவது?"

"ராஜினாமா."

குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் ஒரே முகம்.

"உங்களை ஒதுக்கினது யாரு?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"எங்க பிரிவு அதிகாரிதாங்க."

"பார்த்தா அடையாளம் காட்டுவீங்களா?"

வெயினி மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த அதிகாரி இவர்களில் ஒருவராகவே இருக்கலாம். "எல்லாருக்கும் ஒரே மூஞ்சி. எப்படிங்க காட்டுறது?"

"சரி. நீங்க கீழடுக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"கதவைத் தட்டிட்டேங்க."

"அப்ப நீங்களே காட்டிக் குடுத்துட்டீங்க. அடுக்கை வெளிப்படுத்துறது ஒன்பதாம் பிரிவுல குற்றம். இப்ப எங்ககிட்ட சொன்னது ரெண்டாவது குற்றம்."

"சொல்லாம எப்படிங்க புகார் குடுக்கிறது?"

"அதனாலதான் இத்தனை வருஷத்துல ஒரு புகார்கூட வந்ததில்லை," என்றார் அவர். பெருமையாகவே சொன்னார்.

"எம் பொண்ணுக்கு மூச்சு முட்டுதுங்க."

வயிற்றிலிருந்து வந்த வார்த்தை. பொதுக்குரலில் அது வானிலை அறிக்கைபோலத்தான் கேட்டது. வெயினி அழுதாள். பொதுமுகத்தில் கண்ணீர் வெளியேற வழி வைக்கவில்லை. கன்னத்துக்கும் தோலுக்கும் நடுவே அது வெதுவெதுப்பாகத் தேங்கியது. அப்படி ஒரு தேவை வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும்.

தீர்ப்பு எழுத இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. புகார் தள்ளுபடி. தீர்ப்பாயத்துக்குப் போக அனுமதி இல்லை. இரு குற்றங்களுக்காக ஐந்து ஆண்டுகளுக்குப் பதவி உயர்வு கிடையாது. ஐந்து ஆண்டு என்றதும் பிறையின் வயதைத்தான் மனம் கூட்டிப் பார்த்தது. பதினொன்று என்று வந்தது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

நடைகூடத்தில் குழு உறுப்பினர் ஒருவர் பின்னாலேயே ஓடிவந்தார். நல்ல மனிதர்தான், உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"மனசுல வச்சுக்காதீங்க. சட்டம் அப்படி இருக்கு, நாங்க என்ன பண்றது? நான் அடுக்கெல்லாம் பார்க்கிற ஆளே இல்லைங்க. ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கக் கூடாது."

மயிரிழை வித்தியாசமும் இல்லாத அதே முகத்தை அவள் முகத்தருகே கொண்டுவந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, மனதாரப் பாராட்டினார்.

"உங்களைப் பார்த்தா கீழடுக்குன்னு தெரியவே இல்லை."