ஏட்டில் எழுதிய தூக்கம்

காலை ஆறே காலுக்கு வீட்டுக்கு வந்து, புடவையைக்கூட மாற்றாமல் கட்டிலில் சாய்ந்தவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். அவள் படுக்கும் பக்கம் சூடாக இருந்தது.

மகள் உருண்டு வந்திருப்பாள் என்று முதலில் நினைத்தாள். ஆனால் நாலு வயதுப் பெண் கட்டிலின் அந்த ஓரத்தில், சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தாள். இவள் தலையணையில் வளர்ந்த ஆளின் தலை அழுத்திய குழி. அதிலிருந்து, எட்டு மணி நேரம் அசையாமல் தூங்கி எழுந்தவர்களிடம் மட்டுமே வருகிற, தலைமுடியும் வியர்வையும் கலந்த வெதுவெதுப்பான வாசனை வந்தது. அப்படித் தூங்கி அவளுக்கு மாதங்கள் ஆகியிருந்தன. அவள் மேல் இருந்ததெல்லாம் ஸ்பிரிட் நெடிதான்.

"எழுந்தாச்சா மகாராணி?" சமையலறையிலிருந்து நாத்தனாரின் குரல்.

"இப்பதான் வரேன் அண்ணி."

"எங்கேர்ந்து, கனவுலேர்ந்தா? ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளை இருமி இருமி அழுவுது. உன் தோளைப் பிடிச்சு உலுக்குறேன், முகத்தைக்கூடத் திருப்பல. கட்டை மாதிரி கிடக்குற. டாக்டராம் டாக்டர்."

இவள் கணவனான தன் தம்பிக்கு வெளியூர் வேலை என்பதால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்தவள் நாத்தனார். வந்த நாளிலிருந்து அவள் வாயில் நல்ல வார்த்தை வந்ததில்லை. இதுவும் ஒரு குத்தல் என்று விட்டுவிடலாம். ஆனால் தோளைப் பிடித்து உலுக்கினேன் என்றாளே.

அவள் பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துத் துறையில் முதுநிலைப் பயிற்சியில் இருந்தாள். பயிற்சியில் இருப்பவர்கள் வாரத்துக்கு எண்பது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது, துறைத் தலைவரின் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் வெளியே வேறெங்கும் பணி பார்க்கக்கூடாது என்று அறிவிப்புப் பலகையில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். அந்தத் தலைவருக்கே சொந்தமாக ஒரு நர்ஸிங் ஹோம் இருந்தது. வாரத்தில் மூன்று இரவு அங்கே போய் நிற்பது அவள் தலையெழுத்து. போகாவிட்டால் தேர்வு எழுத அவர் கையெழுத்துப் போட மாட்டார். அந்த இரவுகளுக்கு நேரே, பணி நேரப் பதிவேட்டில் அவள் தன் கையால் எழுதவேண்டும்: ஓய்வு, வீட்டில், இரவு எட்டு முதல் காலை ஆறு வரை.

அன்று மதியம் தலைவரின் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், இந்த வாரம் உண்மையான நேரத்தை எழுதிடுறேன். எனக்கு என்னவோ சரியாப் படல."

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "உனக்கு என்ன படணும்? ரெண்டு வருஷம் படிச்சதை மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்குப் போறியா?"

"இல்ல சார். வீட்டுல…"

"ஏட்டுல ஓய்வுன்னு இருந்தா நீ ஓய்வு எடுத்தேன்னு அர்த்தம். வேற யாரும் வந்து பாக்கப்போறதில்ல." பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார். "அடுத்த மாசத்துக்கும் சேத்து இப்பவே எழுதிக் கையெழுத்துப் போடு. தினம் தினம் உன் மூஞ்சியப் பாக்க எனக்கு நேரமில்ல."

எழுதினாள். ஓய்வு, வீட்டில். ஓய்வு, வீட்டில். பக்கம் முடிவதற்குள் கை தானாக ஓடியது. விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன.

அன்று இரவு நர்ஸிங் ஹோமில் ஒரே ஒரு நோயாளி. குடலிறக்க அறுவை முடிந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒரு பேருந்து ஓட்டுநர். நடைபாதையில் ஒரு குழல் விளக்கு அணைவதும் எரிவதுமாக இருந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, தூங்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ரெண்டு மணியானதும் மகளின் இருமல் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, நான்தான். பாப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கு?"

"நான்தான்னா யாரு?"

"என்ன அண்ணி, குரல் தெரியலையா?"

"தெரியுது. அதான் கேக்குறேன்." நாத்தனாரின் குரல் தணிந்தது. அவள் அப்படித் தணிந்து பேசி இவள் கேட்டதே இல்லை. "அவ இங்க என் கண்ணு முன்னாடி படுத்துக் கிடக்குறா. நீ யாரு?"

காதோடு ஒட்டியிருந்த போன் வழுக்கியது.

"அண்ணி, பாப்பாவைத் தூக்கிக்கிட்டு வெளிய வாங்க. உடனே."

மறுமுனையில் செருப்புச் சத்தம். பிறகு, தூரத்தில், "ஏய், உனக்குத்தான் போன். யாரோ உன்னை மாதிரியே பேசுறாங்க."

துணி உரசியது. அதன்பின் மூச்சு.

உறங்குபவர்களின் மூச்சைக் கேட்பதுதான் அவள் தொழில். ஆழமானதா, மேலோட்டமா, எப்போது தடைபடும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இந்த மூச்சு உள்ளே போனது. நிதானமாக, சுகமாக, உள்ளே. பத்து வரை எண்ணினாள். இருபது. நாற்பது. இன்னும் உள்ளேதான் போய்க்கொண்டிருந்தது. வெளியே வரவேயில்லை.

எழுந்து ஓடினாள். படிக்கட்டில் நர்ஸ் வழிமறித்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க? டியூட்டி டாக்டர் ஓடிட்டாங்கன்னு எழுதிடுவேன்."

"பெரிய டாக்டரைக் கூப்பிட்டு உக்கார வைங்க. நான் இங்க இருக்கேன்னு எந்த ஏட்டுலயும் இல்ல."

தெருவில் ஆட்டோ இல்லை. நடந்தாள். ஓடினாள். செருப்பு அறுந்தது. வெறுங்காலோடு ஓடினாள். மூடிய கடைக் கதவுகளில் அவள் காலடி எதிரொலித்தது. தெருமுனை. வீடு. சாவி போட்டாள். திரும்பியது. கதவு நகரவில்லை.

உள்தாழ்ப்பாள்.

"அண்ணி! கதவைத் திறங்க!"

கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், நாத்தனார் மூச்சு வாங்கும் சத்தம். "போயிடு. நீ யாரா இருந்தாலும் போயிடு. போலீசைக் கூப்பிடுவேன்."

"நான்தான் அண்ணி. சத்தியமா நான்தான்."

"அவ தூக்கத்துலயே பேசுறா." நாத்தனார் அழுதாள். "கதவைத் திறக்கக்கூடாதுன்னு சொல்றா."

வீட்டைச் சுற்றிப் பக்கவாட்டுச் சந்துக்கு ஓடினாள். படுக்கையறை ஜன்னல் பாதி திறந்திருந்தது. கம்பியைப் பிடித்து எக்கினாள்.

இரவு விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் மகள் தெரிந்தாள். அவளை அணைத்தபடி ஒருத்தி படுத்திருந்தாள். இவளுடைய அதே நைட்டி. அதே வலது காது மச்சம். ஆனால் கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை. கன்னம் பூரித்திருந்தது. கல்யாணத்தன்று எடுத்த போட்டோவில்கூட இவள் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. கண்கள் மூடியிருந்தன. ஒரு கை மட்டும் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது.

"பாப்பா," என்றாள். குரல் காற்றாக வந்தது. "பாப்பா, இங்க பாருடா. அம்மா."

குழந்தை கண் விழித்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கம்பிகளுக்கிடையே கலைந்த தலையும், குழிவிழுந்த கண்களும், திறந்த வாயும்.

வீறிட்டாள்.

"அம்மா! அம்மா! பேய்!"

அலறிக்கொண்டே புரண்டு, பக்கத்தில் படுத்திருந்தவளின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

படுத்திருந்தவள் கண்ணைத் திறக்கவில்லை. தட்டிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. மற்றொரு கை மட்டும் போர்வைக்குள்ளிருந்து வெளியே நீண்டது. கட்டிலைத் தாண்டி, அறையைத் தாண்டி, ஜன்னல் வரை நீண்டு, கம்பியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக, பதமாக விலக்கிவிட்டு, ஜன்னல் கதவை உட்பக்கம் இழுத்துச் சாத்தியது.