அக்கா சாப்பிடும் இடம்

இனியாவின் அக்கா கிருபா கொச்சியில் படகு ஓட்டுகிறாள். மீன்பிடிப் படகு இல்லை. பஸ் மாதிரி, நூறு பேரை ஏற்றிக்கொண்டு கரைக்கும் தீவுகளுக்கும் இடையே போய்வருகிற பெரிய படகு.

இதைச் சொன்னால் கோவைப் பக்கம் இனியாவின் ஊரான துடியலூரில் பாதிப் பேர் நம்புவதில்லை.

"நம்மூர்ல ஏது கடல்? உங்கக்கா எங்க போய்ப் படகு ஓட்டப் பழகுச்சு?" என்று வகுப்பில் சாய்கிருஷ்ணா கேட்டான்.

"அதுக்குப் படிப்பு இருக்கு, பரீட்சை இருக்கு, லைசென்ஸ் இருக்கு. எங்கக்கா எல்லாத்துலயும் பாஸ்" என்றாள் இனியா.

ஆனால் அப்பா கௌதமன் அப்படிச் சொல்வதில்லை. அவர் பம்ப் மோட்டார் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறார். "பெரிய பொண்ணு என்னங்க பண்ணுது?" என்று யாராவது கேட்டால், "கொச்சியில ஒரு ஆபீஸ்ல வேலைங்க" என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிடுவார். இனியா அதைக் கவனித்திருக்கிறாள். ஏன் என்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை.

கிருபா யாருடைய துணையும் இல்லாமல் படகு ஓட்ட ஆரம்பித்து ஒரு மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க எல்லோரும் கொச்சிக்குப் போவது என்று முடிவானது. அன்றும் அவளுக்கு வேலை உண்டு. காலை முறை முடிந்து மதிய முறை தொடங்கும்வரை இரண்டு மணி நேரம்தான் ஓய்வு.

"அந்த நேரத்துல டிபனும் முடிஞ்சிருக்கும், மத்தியானச் சோறும் ஆகியிருக்காது. அதுக்குன்னே பிரஞ்ச்னு ஒண்ணு இருக்குதாமா. ரெண்டையும் சேத்துச் சாப்பிடறது" என்றாள் அம்மா.

"எங்க பட்டறையில அதுக்கு லேட்டா எந்திரிச்சதுன்னு பேரு" என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. கொச்சியில் பிரஞ்ச் சாப்பிட நல்ல இடம் எது என்று ஒரு வாரமாக போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். "எம்புள்ள மாசக்கணக்கா ஹாஸ்டல் சோறு திங்குது. ஒரு நாளாச்சும் நல்ல எடத்துல உக்கார வெச்சுச் சாப்பிட வெக்கோணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ரயில் ஏறினார்கள். பாலக்காடு தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் பச்சையாகிவிட்டது. இனியா தூங்கவே இல்லை.

படகுத்துறை வாசலில் அக்கா நின்றிருந்தாள். வெள்ளைச் சட்டை, தோளில் கறுப்புப் பட்டை, பளபளக்கும் ஷூ. அம்மா ஓடிப்போய் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்பா கொஞ்சம் தள்ளியே நின்று, "நல்லா இருக்கியா கண்ணு?" என்று கேட்டார். அவருடைய கண்கள் அக்காவைத் தாண்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நல்லா இருக்கேனுங்கப்பா" என்றாள் அக்கா. "மொதல்ல போய்ச் சாப்பிட்டுட்டு வந்துரலாம். மத்தியானம் என்னோட படகுல எல்லாரையும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போறேன்."

அப்பா ஆட்டோவைத் தேடிப் போனார்.

அம்மா முதலில் தேர்ந்தெடுத்திருந்தது கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு பெரிய ஓட்டல். ஆட்டோவில் போய் இறங்கினால் வாசலிலேயே முப்பது பேர் காத்திருந்தார்கள். பெயரை எழுதிக்கொண்ட பையன், "ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்" என்றான்.

"அதுக்குள்ள இவ வேலைக்கே போயிருவா" என்று அம்மா திரும்பிவிட்டாள்.

இரண்டாவது இடம் ஒரு பழைய ஓட்டு வீடு. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. இரண்டு நாற்காலிகள்தான் காலி. நின்றபடியே அப்பா மெனு அட்டையை வாங்கிப் புரட்டினார்.

"ரொட்டி மேல ஒரு முட்டை உக்காந்திருக்கு. அதும் மேல ஒரு தழை உக்காந்திருக்கு. நாமதான் உக்கார எடமில்லாம நிக்கறோம்" என்றார்.

இனியாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன.

"மூணாவதா ஒண்ணு இருக்கு. ஆனா அது ரொம்ப தூரம்" என்றாள் அம்மா மெதுவாக.

"பரவாயில்லீங்கம்மா, எனக்கு எங்கன்னாலும் சரி" என்றாள் அக்கா. சொல்லும்போதே கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

இனியா யோசித்தாள். போனில் யாரோ பேசியதை எல்லாம் அம்மா கேட்டிருக்கிறாள். இந்த ஊரிலேயே இருக்கிற ஆள் பக்கத்திலேயே நிற்கிறாள். அவளை யாருமே ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அக்கா, வேலைக்கு நடுவுல நீ தினமும் எங்க சாப்பிடுவே?"

அக்கா தயங்கினாள். "அது சும்மா ஒரு கடை. தகரக் கூரை. படகுக்காரங்க சாப்பிடற எடம். அப்பா அம்மா இவ்வளவு தூரம் வந்திருக்காங்க, அங்கயா கூட்டிட்டுப் போறது?"

"உனக்குப் புடிக்குமா?"

"ரொம்ப" என்றாள் அக்கா. அன்று காலையிலிருந்து அவள் சொன்னதிலேயே வேகமாகச் சொன்ன பதில் அதுதான்.

"அப்ப அங்கயே போலாமுங்கம்மா" என்றாள் இனியா. "நீங்க அக்காவுக்குப் புடிச்ச மாதிரி சாப்பாடு போடோணும்னுதான வந்தீங்க?"

அம்மா ஒரு கணம் யோசித்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டாள். "எங்க கண்ணு இருக்குது அந்தக் கடை?"

அக்கா தண்ணீருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். "அந்தத் தீவுலீங்கம்மா. படகுல போனா பத்து நிமிஷம்."

எல்லோரும் படகுத்துறைக்குத் திரும்பினார்கள். படகு வந்து நின்றது. அக்காவுக்கு இப்போது ஓய்வு என்பதால் வேறொருவர் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அம்மா ஏறிவிட்டாள். அக்கா ஏறப் போனாள். அப்பா மட்டும் கரையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

"நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. எனக்குப் பசியில்லை. நான் இங்கயே ஒரு டீ குடிச்சுட்டு இருக்கறேன்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். காலையில் பளபளத்த முகம் அப்படியே வாடிப்போனது.

இனியா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். கம்பியைப் பிடித்திருந்த அப்பாவின் விரல்கள் வெளுத்திருந்தன. அப்பாவுக்குப் படகு பிடிக்காமல் இல்லை, பயம்தான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கரைக்கும் படகுக்கும் நடுவே இருந்த சின்ன இடைவெளியில் பச்சைத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

அவள் அப்பாவின் காதருகே போய், "எனக்கும் பயமா இருக்குங்கப்பா" என்றாள்.

"எனக்குப் பயம்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலை. எனக்குத்தான் பயம். ரெண்டு பேரும் நடுவுல உக்காந்துக்கலாம். நீங்க என் கையைப் புடிச்சுக்குங்க. யாராச்சும் கேட்டா புள்ளைக்குப் பயம்னு சொல்லிக்கலாம்."

அப்பா அவளையே பார்த்தார். பிறகு ஒரு விரலாக, இரண்டு விரலாகக் கம்பியிலிருந்து கையை எடுத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் இனியாவின் கை வலித்தது. ஆனாலும் அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

படகு நகர்ந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, இருவரும் கையை இறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து என்ன என்பது போலத் தலையை ஆட்டினார்.

"புள்ளைக்குப் பயமுங்க" என்றார் அப்பா.

இனியா பயந்த முகத்தோடு தலையை ஆட்டினாள். பக்கத்தில் அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தண்ணியைப் பாக்காதீங்கப்பா" என்றாள் இனியா. "மோட்டார் சத்தத்தைக் கேளுங்க. இது டீசல் இல்லையாமா. பேட்டரியில ஓடுதாமா."

"பேட்டரியிலயா?" அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். தரைக்கு அடியிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரே சீராகச் சத்தம் வந்தது. அப்பாவின் முகம் பட்டறையில் இருக்கும்போது இருக்கிற முகமாக மாறியது. "சத்தம் சுத்தமா இருக்கு. எத்தனை மோட்டார் கண்ணு?"

"ரெண்டுங்கப்பா" என்றாள் அக்கா. அப்புறம் மோட்டார் எங்கே இருக்கிறது, எப்படித் திருப்புவது, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அப்பா கேள்வி மேல் கேள்வி கேட்டார். படகு தீவில் போய் நின்றதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

கடை துறைக்கு நேர் எதிரே இருந்தது. உள்ளே ஒரே ஒரு நீள மேசை. அதைச் சுற்றிப் படகில் வேலை செய்கிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவைப் பார்த்ததும் எல்லோரும் நகர்ந்து இடம் விட்டார்கள்.

கடையை நடத்தும் ஆலீஸ் சேச்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். தீவைச் சுற்றிப்பார்க்க வரும் கோவைக்காரர்களிடம் பேசிப்பேசி அவருக்குத் தமிழ் வந்திருந்தது. "கிருபாவோட அம்மா அப்பாவா? இருங்க, இருங்க. இன்னிக்கு இவ சொல்றதைத் தர மாட்டேன். நானே போடறேன்."

ஆப்பம் வந்தது. கடலைக் கறி வந்தது. வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும், தேங்காய்ப்பால் ஊற்றிய மீன் குழம்பும் வந்தன. டிபன் எது, சோறு எது என்றே தெரியாமல் எல்லாம் ஒரே தட்டில் சேர்ந்துவிட்டன.

"இதுக்குப் பேரு பிரஞ்ச்தானுங்களே?" என்று அம்மா ஆவலாகக் கேட்டாள்.

"இல்லை, இதுக்குப் பேரு ஆப்பம்" என்றார் ஆலீஸ் சேச்சி.

இனியாவுக்குப் புரையேறிவிட்டது. அம்மாவும் சிரித்துவிட்டாள். அக்கா மூன்றாவது ஆப்பத்தை எடுத்துக்கொண்டதைப் பார்த்து அம்மா இன்னும் கொஞ்சம் சிரித்தாள்.

"உங்க பொண்ணு போன வாரம் என்ன செஞ்சான்னு சொன்னாளா?" என்று ஆலீஸ் சேச்சி கேட்டார்.

"சேச்சி, வேண்டாம்" என்றாள் அக்கா.

"நான் சொல்வேன். இங்க நின்னு என் கண்ணால பார்த்தேன். திடீர்னு பெரிய காத்து. படகு நிறைய ஆளு. அந்தக் காத்துல கரைக்கு வந்தா படகு மோதும். இவ அவசரப்படலை. கொஞ்சம் தள்ளித் தண்ணியிலயே படகை நிறுத்தி வெச்சா. உள்ள இருந்தவங்க சீக்கிரம் போ, சீக்கிரம் போன்னு சத்தம் போட்டாங்க. இவ கேக்கலை. காத்து அடங்கின அப்புறம் மெல்லக் கொண்டு வந்து ஒட்ட வெச்சா. ஒரு அம்மா கையில சின்னக் குழந்தை தூங்கிட்டிருந்தது. இறங்கும்போதும் அது முழிக்கலை."

மேசையில் இருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"இதை ஏன் கண்ணு ஊட்டுல சொல்லலை?"

"சொன்னா நீங்க பயந்துக்குவீங்கன்னுதானுங்கப்பா" என்றாள் அக்கா. பிறகு தயங்கி, "உங்களுக்கு என் வேலையைச் சொல்லவே வெக்கமா இருக்குதோன்னு நெனச்சேன். எல்லாருகிட்டயும் ஆபீஸ்னுதான சொல்றீங்க?" என்றாள்.

அப்பா கையிலிருந்த ஆப்பத்தைத் தட்டில் வைத்தார்.

"எனக்குத் தண்ணின்னா பயம் கண்ணு" என்றார். "சின்ன வயசுலிருந்தே பயம். படகுன்னு வாயில சொன்னாலே அன்னைக்குத் தூக்கம் வராது. அதனாலதான் ஆபீஸ்னு சொல்லிப்போட்டேன். வெக்கமெல்லாம் இல்லை. நம்ம வம்சத்துல பாதிப் பேரு கடலைப் பாத்ததே இல்லை. நீ அதும் மேல வண்டி ஓட்டற. இதுல எங்கருந்து வெக்கம் வரும்?"

அக்கா ஆப்பத்தைப் பிய்த்துப்பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். ஆலீஸ் சேச்சி யாரும் கேட்காமலே எல்லோருக்கும் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டுப் போனார்.

சாப்பிட்டுவிட்டுத் துறைக்கு வந்தபோது மதிய முறை தொடங்கியது. கண்ணாடி அறைக்குள் அக்கா போய் உட்கார்ந்தாள். முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்தாள். கயிறு அவிழ்ந்தது. படகு மெல்லக் கரையை விட்டு விலகியது.

இனியா நடுவில் இடம் பிடித்து, "அப்பா, இங்க வாங்க" என்று கையை நீட்டினாள். அப்பா வரவில்லை. முன்வரிசைக்குப் போய், அக்காவின் அறைக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பக்கத்தில் கோபிசெட்டிபாளையத்திலிருந்து சுற்றிப்பார்க்க வந்த ஒரு குடும்பம் இருந்தது. அந்த அம்மா கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார். "ஏனுங்க, இந்தப் புள்ளையா ஓட்டுது?"

"ஆமாங்க" என்றார் அப்பா. தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க பெரிய புள்ளைதானுங்க. பேரு கிருபா. நமக்குத் துடியலூருங்க."

அடுத்த வரிசையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா அவர்களுக்கும் சொன்னார். இரண்டு மோட்டார் இருப்பதைச் சொன்னார். காற்றடித்த கதையைச் சொன்னார். குழந்தை முழிக்காததை மட்டும் இரண்டு தடவை சொன்னார். படகு நடுத் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. கோபிக்காரரின் சின்ன மகள் எழுந்து வந்து, கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா தன் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். ஊருக்குத் திரும்பும் ரயிலில் இனியா அவற்றை எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தொரு படங்கள். அக்கா நேராகப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்ததால் எல்லாவற்றிலும் அவளுடைய முதுகுதான் தெரிந்தது. அவற்றில் ஒன்றைக்கூட அப்பா அழிக்க விடவில்லை.