ஓடைக்கு முன்னால் வர வேண்டிய செய்தி

அம்மாவின் போனில் அந்தச் சின்ன வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

“இன்னைக்கு ஸ்கூல் இருக்கா, இல்லையா?” என்று அம்மா கேட்டார். கொழுந்து பறிக்கப் போகும் அவசரம் அவருக்கு.

“தெரியலம்மா. ஸ்கூல் வெப்சைட் தொறக்கவே மாட்டேங்குது,” என்றாள் கஜானி.

இரவெல்லாம் மழை. பலாங்கொடைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நல்ல நாளிலேயே சிக்னல் ஒரு கோடுதான். மழை வந்தால் அந்த ஒரு கோடும் ஒளிந்துகொள்ளும்.

“சரி, தம்பியக் கூட்டிக்கிட்டுப் போ. ஓடைகிட்ட பாத்துப் போங்க.”

கஜானி ஆறாம் ஆண்டு படித்தாள். தம்பி கிருஷாந் முதலாம் ஆண்டு. அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்கும் பள்ளிக்கும் நடுவே ஓர் ஓடை. அதன் மேல் பலகைப் பாலம்.

அன்று ஓடை செம்மண் நிறத்தில், பலகையைத் தொட்டுக்கொண்டு சீறியது. பாதிப் பாலம் தாண்டியபோது தண்ணீர் மேலே ஏறிப் பாய்ந்தது. கிருஷாந் வழுக்கினான். கஜானி அவன் புத்தகப் பையைப் பிடித்து இழுத்தாள்.

“அக்கா, எனக்குப் பயமா இருக்கு!”

எனக்குந்தான் என்று சொல்ல வாயெடுத்தவள் அதை விழுங்கிக்கொண்டாள். “தண்ணியப் பாக்காத. என்னையப் பாரு. வா,” என்றாள்.

எப்படியோ அக்கரை சேர்ந்தார்கள். போய்ப் பார்த்தால் பள்ளிக் கதவு பூட்டியிருந்தது! வாசலில் இன்னும் சில பிள்ளைகள் நனைந்த கோழிகளைப் போல நின்றார்கள்.

பள்ளிக்குப் பக்கத்திலேயே தங்கியிருந்த ஆசிரியர் ஜதீஸ்வரன் சேர் குடையோடு ஓடி வந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பள்ளியின் வெப்சைட்டை ஆசை ஆசையாகச் செய்தவரும் அவர்தான்.

“ஏன் பிள்ளையள் வந்தனீங்கள்? இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையெண்டு விடியவே வெப்சைட்டில போட்டிட்டனே!”

“அது தொறக்கலங்க சேர்,” என்றாள் கஜானி.

“எனக்கெண்டால் டக்கெண்டு திறக்குதே!”

சேர் எல்லோரையும் தன் அறைக்கு அழைத்துப் போய்த் தேநீர் கொடுத்தார். மத்தியானம் தண்ணீர் வடிந்ததும், அவரே பிள்ளைகளை லயத்தில் கொண்டுபோய் விட்டார்.

“சேர், இங்க நின்னு ஒரு தடவ தொறந்து பாக்குறீங்களா?” என்று கஜானி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

சேர் தன் போனைத் திறந்தார். வட்டம் சுற்றியது. போனை உயர்த்திப் பிடித்தார். சுற்றியது. கோழிக்கூட்டின் மேல் ஏறி நின்றும் பார்த்தார். சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் முகம் வாடிப்போனது.

“நாளைக்குக் கம்ப்யூட்டர் அறைக்கு வா பிள்ளை,” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கஜானியும் அவள் தோழி ஷஸ்னாவும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பள்ளியின் பக்கத்தைப் பார்த்தார்கள். முதலில் பாண்ட் வாத்தியம் முழங்கியது. பிறகு விளையாட்டுப் போட்டிப் படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து வந்தன. எல்லாம் பெரிய பெரிய படங்கள். அறிவிப்பு ஆகக் கீழே கிடந்தது. அதுவும் ஒரு தாளில் எழுதி எடுத்த படம்.

“எங்க வாப்பா கூகுள்ல தேடினாரு சேர். வேற ஏதோ ஊரு ஸ்கூல்தான் வந்திச்சு,” என்றாள் ஷஸ்னா.

சேர் நெற்றியில் தட்டிக்கொண்டார். “பள்ளிக்கூடத்தின்ர பேரையும் படமாத்தானே போட்டிருக்கிறன்! படத்துக்குள்ள இருக்கிற எழுத்து தேடலுக்குச் சரியா விளங்காது. எழுத்தாவே எழுதியிருக்க வேணும்.”

“அப்ப அறிவிப்ப மேல எழுதிடலாம் சேர். லயத்து சிக்னலுக்கு இந்தப் பாட்டெல்லாம் வேணாம். படத்தையெல்லாம் சின்னதாக்கி வேற பக்கத்துல வைக்கலாம். வேணுங்கிறவங்க அங்க போய்ப் பாக்கட்டும்,” என்றாள் கஜானி.

“முதல் படமே நீ ஓட்டப் போட்டியில வெண்டு பரிசு வாங்கின படம். அதையும் எடுக்கவோ?”

கஜானி அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்தாள். பாலத்தில் வழுக்கிய தம்பியின் முகம் கண்ணுக்குள் வந்தது.

“எடுத்துடுங்க சேர். அது தொறந்தாத்தானே! அத எங்க அம்மாகூட இன்னும் பாத்ததில்ல.”

சேர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

அன்று மாலைக்குள் வேலை முடிந்தது. பக்கத்தின் தலைப்பில் பள்ளியின் பேரும் தோட்டத்தின் பேரும் எழுத்திலேயே ஏறின. “ஆனா தேடலில வர கொஞ்ச நாள் எடுக்கும்,” என்றார் சேர்.

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? அதற்குள் மழை வந்தால்? வானம் கறுக்கும்போதெல்லாம் கஜானி அம்மாவின் போனைத் தேடினாள்.

மழை ஒரு நாள் வந்தேவிட்டது. விடிந்ததும் அம்மாவின் போனைத் தொட்டாள். வட்டம் ஒரு சுற்றுத்தான் சுற்றியது.

‘இன்று பாடசாலை இல்லை. ஓடையைக் கடக்க வேண்டாம்.’

“அம்மா! தொறந்துருச்சு!”

ஆனாலும் மனம் ஆறவில்லை. கீழ் லயத்துச் சின்னப் பிள்ளைகள்? அவர்கள் வீட்டில் யாராவது பார்த்திருப்பார்களா?

“அம்மா, நான் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிக்கிறேன். யாராவது வந்தா திருப்பி அனுப்பணும்.”

“தண்ணிகிட்ட போகக் கூடாது, சரியா?”

குடையோடு போய்ப் பாதை முனையில் நின்றாள். பாலத்தைக் காணவில்லை. பலகைக்கு மேல் வெள்ளம் புரண்டு ஓடியது. யாரோ வரும் சத்தம் கேட்டதும் அவள் கையை நீட்டி மறித்தாள்.

“வராதீங்க! ஸ்கூல் இல்ல!” என்று கத்தினாள்.

வந்தது கீழ் லயத்துச் செல்லையா மாமா. தலையில் ஒரு சாக்கைப் போட்டிருந்தார்.

“தெரியும் புள்ள. நம்ம ஸ்கூல் பேரப் போட்டுத் தேடினேன், மொதல்லயே வந்திருச்சு. எங்க லயத்துல எல்லாருக்கும் சொல்லிட்டேன். அப்படியும் எவனாவது வந்தா தடுக்கலாம்னுதான் வந்தேன். நீ?”

“நானும் அதுக்குத்தான் மாமா!”

இரண்டு பேரும் மழையில் வெகு நேரம் காத்து நின்றார்கள். ஒரு குடையும் வரவில்லை. ஒரு புத்தகப் பையும் வரவில்லை. ஆளே இல்லாத அந்தப் பாதையைப் பார்க்கப் பார்க்கக் கஜானிக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது.